பார்பியின் இடுப்பு பெருத்தது. பழைய சட்டை ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், பார்பி பொம்மை இப்போது பல உடல்வாகுகளில் கிடைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். வரவேற்க வேண்டிய கட்டுரைதான். ஆனால் அதன் நடுவில், 'வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொம்மை உடைகளையே புதிய பொம்மைக்கும் போட்டுக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போட முடியாது. பொம்மை உடை தைப்பவர்களுக்கு இது பெட்டியைப் பிரித்த அன்றே தெரிந்துவிடும். வாங்கிக் கொடுத்த பெற்றோருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டி முடித்த பிறகு, குழந்தை சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்து அழும்போதுதான் தெரியவரும்.

1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானபோது உயரம் பதினொன்றரை அங்குலம். நிஜ மனுஷியின் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. ஆறால் பெருக்கினால் 5 அடி 9 அங்குலம் வரும். இடுப்பு அதே கணக்கில் 18 அங்குலம் என்று பரவலாகச் சொல்வார்கள். 1965-இல் வந்த ஒரு பார்பியோடு சின்ன எடைக்கருவி ஒன்றும் கொடுத்தார்கள். முள் 110 பவுண்டிலேயே, அதாவது சுமார் 50 கிலோவிலேயே நிற்கும். கூடவே எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம். அதில் இருந்த அறிவுரை 'சாப்பிடாதே' என்பதுதான். 5 அடி 9 அங்குலத்துக்கு 50 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 16 சொச்சம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சத்துமாவு வாங்கிப் போகச் சொல்லும் எடை அது.

2016 ஜனவரி இறுதியில்தான் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் 'ஃபேஷனிஸ்டாஸ்' வரிசையில் மூன்று புதிய உடம்புகளைக் கொண்டுவந்தது: நெட்டை, குட்டை, பூசினாற்போன்ற உடம்பு. கடைசியாகச் சொன்னதைக் கடைகளில் 'கர்வி' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். 2017-இல் பார்பியின் ஜோடியான கென் என்ற ஆண் பொம்மைக்கும் ஒல்லி, அகலம் என இரண்டு உடம்புகள் வந்தன.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய இடுப்பு ஏன் அவ்வளவு ஒல்லி என்று கேட்டால், துணியைக் காரணம் காட்டும் விளக்கம் ஒன்று நெடுநாளாக உண்டு. அது முழுப் பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. உடம்பை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், நூலைச் சுருக்க முடியாது. சாதாரண பாப்ளின் துணியின் கனம் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். பாவாடை இடுப்புப்பட்டியில் பாவாடைத் துணி, உள்ளே மடங்கும் தையல் ஓரம், பட்டியின் இரண்டு மடிப்பு என நான்கு அடுக்கு சேரும், 1.2 மி.மீ. இது இடுப்பைச் சுற்றி வரும்போது சுற்றளவில் ஏழரை மி.மீ. கூடும். ஆறால் பெருக்கிப் பாருங்கள், நாலரை சென்டிமீட்டர். பொம்மை பாவாடை கட்டினாலே இடுப்பு கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் பெருத்துத் தெரியும் என்று அர்த்தம். ஆகவே உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கி வார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு அங்குலத்தையும் சேர்த்த பிறகும் பழைய பார்பியின் இடுப்பு 20 அங்குலத்துக்குள்தானே நிற்கிறது? மீதிக்குத் துணி பொறுப்பில்லை. பார்பியின் அளவுகள் நிஜப் பெண்ணுக்கு அமைய லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று 1996-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கென்னுக்கு அதே ஆய்வு கொடுத்த வாய்ப்பு ஐம்பதில் ஒன்று.

இந்தத் துணிக் கணக்கு கர்வி பொம்மைக்கும் அப்படியே பொருந்தும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அவள் உடம்பிலேயே சதைப்பற்று இருக்கிறது; அதன் மேல் பழைய பாணியில் நான்கு அடுக்குப் பட்டி வைத்துத் தைத்தால் நடுவில் டயர் மாட்டிய மாதிரி ஆகிவிடும். பட்டியே வேண்டாம். உடுப்பின் மேல்ஓரத்துக்கு அதே துணியில் உள்பட்டி வைப்பதற்குப் பதில், மெல்லிய வலைத்துணியோ பழைய மல்மல் வேட்டித் துண்டோ வைத்துத் திருப்பித் தையுங்கள். கனம் பாதிக்கு மேல் குறையும். வெல்க்ரோவையும் முடிந்தவரை தவிர்க்கலாம். அதன் முள் பக்கம் ஒன்றரை மி.மீ. தடிமனாவது இருக்கும், பொம்மையின் தலைமுடியையும் பிய்த்து எடுக்கும். மிகச் சிறிய டிச் பட்டன் மூன்று போதும்.

அளவெடுப்பதில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரிது. தையல்காரர்களே செய்கிறார்கள். கையில் இருக்கும் பழைய பார்பி வெட்டுத்தாளை, அதாவது துணி வெட்ட அளவு வரைந்து வைத்த காகிதத்தை, ஜெராக்ஸ் கடையில் 115 சதவீதம் பெரிதாக்கி எடுத்து, கர்விக்குத் தைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பழைய பொம்மையின் பிட்டச் சுற்று ஏறத்தாழ 13 செ.மீ., கர்விக்கு 15-ஐ ஒட்டி வரும். கணக்குச் சரிதானே என்று தோன்றும். ஆனால் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கும். 10 செ.மீ. பாவாடை பதினொன்றரை ஆகித் தரையில் இழுபடும். தோளும் அதே விகிதத்தில் அகன்று, பட்டை கையில் சரியும். கர்வியின் உயரம் கூடவில்லை, தோளும் பிட்டம் அளவுக்கு அகலவில்லை. பெருத்தது இடுப்பு, வயிறு, பிட்டம், தொடை, கெண்டைக்கால், மேற்கை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதத்தில்.

எனவே கையிலிருக்கும் பொம்மையையே அளந்து தைப்பது நல்லது. தையல் டேப் இதற்கு உதவாது. அதன் கனமே அளவைக் கெடுக்கும். தையல் நூலைச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, ஸ்கேலில் நீட்டிப் பாருங்கள். மார்பு, இடுப்பு, பிட்டத்தின் அகலமான இடம், மேற்கை, தொடை, கெண்டைக்கால், பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை, தோளுக்குத் தோள் என எட்டு அளவு எடுக்க வேண்டும். கெண்டைக்காலை விட்டுவிட்டால் லெக்கிங்ஸ் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். விட்டுவிடுபவர்கள் நிறைய.

உடலோடு ஒட்டிய ரவிக்கை, கவுன் மாதிரியானவற்றுக்கு வெட்டுத்தாள் எடுக்க ஒரு சுலபமான முறை இருக்கிறது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும் மெல்லிய ஒட்டும் பிளாஸ்டிக் தாளைப் பொம்மையின் உடம்பில் ஒரே சுற்றாக, சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். அதன் மேல் காகித டேப்பை ஒரு செ.மீ. அகலத் துண்டுகளாகக் கிழித்து, முதல் அடுக்கைக் குறுக்காகவும் இரண்டாவதை நெடுக்காகவும் ஒட்டுங்கள். செல்லோ டேப் வேண்டாம், உரித்ததும் சுருண்டுகொள்ளும். பிறகு பேனாவால் முன்நடு, பின்நடு, பக்கத் தையல், தோள், இடுப்பு, மார்பின் உச்சிப்புள்ளி எல்லாவற்றையும் வரைந்து, பின்நடுவில் கத்தரித்துக் கழற்றுங்கள். மேசையில் வைத்தால் தட்டையாகப் படியாது. எங்கே எழும்புகிறதோ அங்கே விளிம்பிலிருந்து உச்சிப்புள்ளி நோக்கி ஒரு வெட்டுக் கொடுங்கள், படிந்துவிடும். அந்த வெட்டு விரிந்த இடம்தான் டார்ட், துணியில் மடித்துப் பிடித்துத் தைக்க வேண்டிய இடம். உள்ளே பிளாஸ்டிக் தாளில் ஒரே ஒரு சுருக்கம் விழுந்திருந்தாலும் 2 மி.மீ. கூடிவிடும், அது நம் உடம்புக் கணக்கில் 12 மி.மீ. சுருக்கம் தெரிந்தால் மறுபடி சுற்றுவதே மேல்.

படிந்த தாளைக் காகிதத்தில் பதித்து, தளர்ச்சிக்காக மார்பிலும் இடுப்பிலும் மொத்தச் சுற்றில் 5 மி.மீ., பிட்டத்தில் 8 மி.மீ. கூட்டுங்கள். தையல் ஓரத்துக்கு எல்லாப் பக்கமும் 5 மி.மீ., பின்திறப்பில் ஒன்றன் மேல் ஒன்று ஏற ஒரு பக்கம் 10 மி.மீ. கர்விக்குப் பின்புறம் இடுப்புக்கும் பிட்டத்துக்கும் வித்தியாசம் அதிகம். அதை ஒரே டார்ட்டில் பிடித்தால் நுனி கூம்பு மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாகப் பிரித்துப் பிடித்தால் படியும். முன்புறம் வயிறு லேசாக எழும்பியிருப்பதால் பாவாடையின் முன்நடு நீளம் பக்கத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்ஓரம் தூக்கிக்கொள்ளும், குழந்தை சொல்லத் தெரியாமல் 'இது நல்லா இல்லை' என்று கழற்றிப் போட்டுவிடும்.

மெஷினில் 9 அல்லது 10-ஆம் எண் ஊசி, தையல் நீளம் ஒன்றரை மி.மீ. இதைவிட நீளமாகப் போட்டால் வளைவுகளில் தையல் முக்கோணம் முக்கோணமாகத் தெரியும். 5 மி.மீ. ஓரம் என்பதால் இழை பிரிந்து சீக்கிரமே தையலையே தின்றுவிடும். பாலியெஸ்டர் துணியாக இருந்தால் ஊதுபத்தி முனையை ஓரத்தை ஒட்டிக் கொண்டுபோனாலே உருகி அடைத்துக்கொள்ளும். பருத்தித் துணிக்கு அது ஆகாது, கருகும். மெல்லிய பிசின்கோடு இழுத்துக் காயவிடுங்கள். பின்திறப்பு பிட்டத்தின் அகலமான இடத்தையும் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். பொம்மை நம்மைப் போல உடம்பை நெளித்து உடுத்தாதே! கைவிரல்கள் சட்டைக் கையில் சிக்கினால், விரல் மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் பையை உறை போல மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

இத்தனை பாடும் வேண்டாம் என்பவர்களுக்குச் சேலை இருக்கிறது. தைக்காத துணிக்கு நெட்டை, குட்டை, பூசினவள் என்ற பேதமே கிடையாது; ரவிக்கையை மட்டும் மாற்றினால் போதும். ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம். ஆனால் கொசுவத்தில் மறுபடியும் அதே துணிக்கனம் வந்து மறிக்கும். ஏழு கொசுவம் வைத்தால் பதினான்கு அடுக்கு. ஓரத்தை இடுப்பில் செருகும்போது அது இரட்டிக்கும். மெல்லிய துணியில்கூட 4 மி.மீ. மேடு நிற்கும். நிஜ உடம்பில் அது இரண்டரை செ.மீ. வயிறு. பழைய ஒல்லிப் பார்பிக்கு அது ஒப்பேறும், கர்விக்கு ஒப்பேறாது. ஐந்து கொசுவம் போதும். மேல்ஓரத்தைச் செருகாமல், கொசுவத்தை அழுத்தி இஸ்திரி போட்டு நூலோட்டி, ஒரு மெல்லிய ரிப்பனில் தைத்துவிடுங்கள். உள்ளே மறையும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பழைய பட்டுச்சேலையில் வெட்டிக் கட்டினால் கொசுவம் அட்டை மாதிரி விறைக்கும். கிழிந்த ஷிஃபான் துப்பட்டாவோ, 'வாயில்' எனப்படும் மெல்லிய துணியின் துப்பட்டாவோதான் இதற்கு ஏற்றது. மாங்காய்க் கரையும் நிஜ அளவில் 3 செ.மீ. என்றால் பொம்மைக்கு அரை செ.மீ.தான். பெரிய மாங்காய் வைத்தால் திரைச்சீலையைக் கட்டியது போலிருக்கும்.

இறுக்கமான உடையில் இன்னொரு கெடுதலும் உண்டு. அடர்சிவப்பு, கருநீலம், கறுப்புத் துணிகளின் சாயம் பொம்மையின் மென்மையான வினைல் கால்களில் ஏறிவிடும். வினைலை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளில் சாயம் கரைந்து உள்ளே போய்விடுவதால், சோப்புப் போட்டுத் தேய்த்தால் மேல்தோல் மட்டுமே பளபளக்கும், கறை அங்கேயே இருக்கும். அளவு போதாத சட்டையைக் கர்விக்கு வலிந்து மாட்டி வாரக்கணக்கில் விட்டால், அழுத்தம் அதிகம் என்பதால் கறை இன்னும் ஆழமாகப் போகும். அடர்நிறத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத் தையுங்கள், உள்ளே வெள்ளை மல்மல் கொடுங்கள். ஏறிய கறைக்கு மருந்துக்கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணி நேரம் வெயிலில் வையுங்கள். பலமுறை செய்தால் வெளுக்கும். முகத்தில் வண்ணம் தீட்டிய இடங்களில் படக் கூடாது. மாநிறம், கறுப்பு நிறப் பொம்மைகளில் தோலின் நிறமும் சேர்ந்து வெளுக்க வாய்ப்பிருப்பதால், முதலில் முதுகில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

செருப்பு விஷயம் சுருக்கமானது. 2016 வரிசையில் இரண்டு அளவு: பழைய பொம்மைக்கும் குட்டைக்கும் ஒன்று, கர்விக்கும் நெட்டைக்கும் ஒன்று. மாற்றிப் போட்டு அழுத்தினால் செருப்பின் குதிப்பட்டை கிழியும். சற்றே இறுக்கமென்றால் வெந்நீரில் அரை நிமிடம் போட்டெடுத்து மாட்டலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் செருப்பே வேண்டாம். தொண்டைக்குள் போகும் அளவு அது.

உடம்பை மட்டும் மாற்றிச் சுற்றியிருப்பதை மறந்தால் என்னாகும் என்பதற்கு மேட்டலிடமே பழைய உதாரணம் இருக்கிறது. 1997-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த பெக்கி என்ற பொம்மையை வெளியிட்டார்கள். நல்ல எண்ணம். ஆனால் அந்த நாற்காலி பார்பியின் கனவு வீட்டு லிப்டுக்குள் நுழையவில்லை! தோழி வீட்டுக்குப் போக முடியாத தோழி. 2019-இல் மறுபடி சக்கர நாற்காலிப் பொம்மை வந்தபோதுதான் வீட்டோடு பொருந்தும் சாய்தளத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2024-இல் வந்த பார்வையற்ற பார்பியில் இந்தப் பாடம் நன்றாக ஏறியிருக்கிறது: கோலை நீட்டிப் பிடிக்க முழங்கை மடங்குகிறது, உடைக்குத் தொட்டறியும் வகைத் துணி, பெட்டியில் பிரெய்ல் எழுத்து.

புதுப் பொம்மையை வாங்கிக் கொடுத்தாலே குழந்தைக்குப் பிடித்துப்போகும் என்பது போல, குழந்தைகளின் மனசு பற்றித் தங்கள் கட்டுரையாளர் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டார். 2006-இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயதுச் சிறுமிகள் 162 பேரிடம் நடந்த ஆய்வில், பார்பி படங்களைப் பார்த்த சின்னச் சிறுமிகளுக்குத் தம் உடம்பின் மேல் திருப்தி குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குழுவில் வயதில் மூத்த சிறுமிகளிடம் உடனடியாக அந்த விளைவு தெரியவில்லை. 2019-இல் அமெரிக்காவில் 3 முதல் 10 வயதுச் சிறுமிகளிடம் நடந்த ஆய்வு இன்னும் சங்கடமானது: நான்கு உடம்புகளில் கர்வியைத்தான் அவர்கள் மோசமாக மதிப்பிட்டார்கள், அவளோடு விளையாடத்தான் ஆர்வம் குறைவு. வாங்கிக் கொடுத்துவிட்டால் பிடித்துப்போகும் என்று நம்புவதற்கில்லை. உடை சேராததுதான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் பத்துப் பொம்மைகள் சட்டை மாற்றி விளையாடும்போது ஒருத்திக்கு மட்டும் மாற்றுச்சட்டை இல்லாவிட்டால் அவள் பெட்டியின் அடியில்தான் கிடப்பாள் என்பது எங்கள் கணிப்பு.

திருவிழாக் கடைகளில் கவரில் தொங்கும் மலிவுப் பொம்மைகளைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. அவை பெரும்பாலும் பழைய ஒல்லி உடம்பின் நகல்கள். புது உடம்பு என்றால் மார்புக்கூடு, கை, கால் ஒவ்வொன்றுக்கும் புதிய எஃகு அச்சு வெட்ட வேண்டும், அது பெருஞ்செலவு. இருக்கும் அச்சிலேயே லட்சக்கணக்கில் ஊதித் தள்ளுவது மலிவு. அதனால் பல்வகை உடல் என்ற பேச்சு பெரிய கடை வாசலோடு நின்றுவிடுகிறது. எந்த விலையில் வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை பொம்மைப் படம் அச்சிடும்போது, அதன் கீழே எந்த உடம்பு, அதற்கு எந்தச் செருப்பு அளவு என்றும் சேர்த்துப் போட்டால், அதைக் கத்தரித்துக்கொண்டு கடைக்குப் போகும் தாய்மார்கள் உண்டு. இடம் இருந்தால் கர்வி ரவிக்கையின் வெட்டுத்தாளை நிஜ அளவில் அச்சிடலாம். முழு ரவிக்கைக்கும் 12 செ.மீ.க்கு 8 செ.மீ. இடம் தாராளம், ஒரு சின்ன வரி விளம்பரம் அளவுதான்.

இப்படிக்கு,
பொம்மை உடைத் தையல் கற்றுத்தருவோர் சிலர்